பழைய புல்டாகோ ஷெர்பாவா? முதலில் டேங்க்!

பைக் பந்தய வீரர் சாமி மில்லர் 1964-இல் ஸ்பெயினின் மோட்டார் சைக்கிள் நிறுவனமான புல்டாகோவுக்காக உருவாக்கிய ஷெர்பா டி, அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரயலை (கரடுமுரடான பாதையில் கால் ஊன்றாமல் ஓட்டும் போட்டி) வென்றது. அருமையான டூ-ஸ்ட்ரோக் வண்டி!

பழைய ஷெர்பாவைப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் டேங்கைக் கவனியுங்கள். ஃபைபர்கிளாஸாக இருந்தால், இன்றைய பெட்ரோலில் உள்ள எத்தனால் அதன் ரெசினை (பிசினை) இளக்கிவிடும். அந்தப் பிசின் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை அடைத்து, எஞ்சினுக்குள்ளும் போய் ஒட்டும். உள்பூச்சு பூசலாம், ஆனால் அடிக்கடி ஓட்டுபவருக்கு அலுமினிய டேங்க்தான் சரி. பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், காலி செய்து பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், தீப்பொறிக்கான பழைய தொடுமுனைகளான பாயின்ட்ஸுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுங்கள். கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்று புகாமல் அடைக்கும் கிராங்க் சீல்கள் இரண்டையும் மாற்றிய பிறகே கார்புரேட்டரை டியூன் செய்யுங்கள். சீல் வழியே காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.