பாயிண்ட் ரேய்ஸில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தங்க: குரூப் சைட் பிடிப்பது எப்படி?

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே கடலோரமாக இருக்கும் பாயிண்ட் ரேய்ஸ் தேசியக் கடற்கரைப் பூங்காவில், முதுகில் மூட்டையோடு நடந்துபோய்த் தங்கும் முகாம்கள் நான்கு: ஸ்கை, கோஸ்ட், க்ளென், வைல்ட்கேட். பூங்காவின் கணிசமான பகுதி 1976இல் காட்டுநிலமாக அறிவிக்கப்பட்டது. முகாம் வரை கார் போகாது. கூடாரம், அடுப்பு, அரிசி எல்லாம் தோளில்தான். பே ஏரியாவில், அதாவது சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரத்தில், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து முதன்முதலாக இப்படிக் கிளம்ப இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

1. முதலில் தலையை எண்ணுங்கள்

சைட் என்பது முகாமுக்குள் கூடாரம் போட ஒதுக்கிய இடம். சாதாரண சைட்டில் ஆறு பேர் வரைதான். ஏழாவது ஆள் கைக்குழந்தையாக இருந்தாலும் குரூப் சைட் பார்ப்பதே நல்லது. குரூப் சைட்டின் உச்சவரம்பு 25 பேர். கட்டணம் 7 முதல் 14 பேருக்கு ஒன்று, 15 முதல் 25 பேருக்கு வேறொன்று. ஆகவே “வருவோம்னு நினைக்கிறோம்” என்பவர்களிடம் உறுதியான பதில் வாங்கிய பிறகு கணினி முன் உட்காருங்கள்.

2. முகாமைத் தேர்ந்தெடுங்கள்

நடந்துபோகும் முகாம்களில் குரூப் சைட் மொத்தம் ஆறே ஆறு: வைல்ட்கேட்டில் 3, கோஸ்ட்டில் 2, ஸ்கையில் 1. க்ளென்னில் கிடையாது, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஸ்கை கேம்ப், லிமன்டூர் சாலையில் உள்ள ஸ்கை ட்ரெயில்ஹெட்டிலிருந்து (நடைபாதை தொடங்கும் இடம்) 1.4 மைல். சின்னக் குழந்தைகளும் முதல்முறை மூட்டை தூக்குபவர்களும் இருந்தால் இதுதான்.

கோஸ்ட் கேம்ப்புக்கு இரண்டு வழி. லகூனா, ஃபயர் லேன் பாதைகள் வழியாக 1.8 மைல், ஏற்ற இறக்கம் உண்டு. கோஸ்ட் ட்ரெயில் வழியாக 2.7 மைல், கிட்டத்தட்ட சமதரை. எண்ணைப் பார்த்துக் குட்டைவழியை எடுக்காதீர்கள். முழு மூட்டையோடு போகும்போது நீளமான வழிதான் சுகம். முகாமிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம்.

வைல்ட்கேட், பாலமரின் பக்கமிருந்து 5.5 மைல், பேர் வேலியிலிருந்து 6.3 மைல். கடலைப் பார்த்த மேட்டுப் புல்வெளி. காற்றை மறிக்க எதுவும் இல்லை. பழகிய கால்களுக்கு மட்டும்.

3. பதிவு செய்யும்போது கவனம்

அமெரிக்க அரசின் முன்பதிவுத் தளமான ரெக்ரியேஷன் டாட் கவ்வில் பாயிண்ட் ரேய்ஸ் முகாம்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். பலரும் சறுக்குவது இங்கேதான். அதே பட்டியலில் டொமாலஸ் விரிகுடாவின் படகு முகாம்களும் கலந்திருக்கும். அங்கேயும் குரூப் சைட் உண்டு. கோஸ்ட்டும் வைல்ட்கேட்டும் நிரம்பிக் கிடக்கும் சனிக்கிழமையில் ஒரு குரூப் சைட் மட்டும் காலியாகக் கண்ணில் பட்டால், கை தானாக அழுத்திவிடும். அது படகு சைட்டாக இருந்தால் படகு இல்லாமல் போய்ச்சேர முடியாது. கழிவறைப் பெட்டியும் நீங்களே கொண்டுபோக வேண்டும்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஆட்கள் எண்ணிக்கையைப் போடுங்கள். அடுத்து சைட் வகை வடிகட்டியில் ‘குரூப் ஹைக் டூ’ (நடந்துபோகும் குரூப் சைட்) என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள்; ‘போட் இன்’ (படகில் போவது) என்று இருப்பதை நீக்கிவிடுங்கள். பிறகு சைட்டின் பெயரைத் தொட்டு உள்ளே போய், முகாமின் பெயர் ஸ்கை, கோஸ்ட், வைல்ட்கேட் இவற்றில் ஒன்றுதானா என்று படித்துப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் பணம் கட்டும் அட்டையை எடுக்க வேண்டும்.

இன்னொன்று: நாள்காட்டியில் ‘இன்னும் திறக்கவில்லை’ என்பதும் ‘நிரம்பிவிட்டது’ என்பதும் வேறு வேறு குறிகள். கட்டத்தின் கீழே உள்ள விளக்கத்தைப் பார்த்துவிட்டு ஏமாற்றமடையுங்கள். நிரம்பியிருந்தால் அதே பக்கத்தில் இடம் காலியானால் தெரிவிக்கும் வசதியை இயக்கிவையுங்கள். ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகள் சனிக்கிழமையைவிட எளிதாகக் கிடைக்கும்.

4. மூட்டையில் என்ன?

ஒவ்வொரு சைட்டிலும் மேசை, கரி அடுப்பு, உணவு வைக்கும் இரும்புப் பெட்டி இருக்கும். விறகு எரிக்கக் கூடாது. சமையலுக்கு கேஸ் அடுப்புதான் என் தேர்வு. பத்துப் பேருக்கு ஒரே அடுப்பு என்றால் ராச்சாப்பாடு நள்ளிரவாகிவிடும். இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று சோற்றுக்கு, ஒன்று வெந்நீருக்கு. முதல் நாள் இரவுக்கு வீட்டிலிருந்தே புளியோதரை கட்டிக்கொண்டால் அடுப்பே தேவைப்படாது.

சாப்பாடு, பற்பசை, குப்பை என்று வாசனை உள்ளதெல்லாம் பெட்டிக்குள் போக வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு முறுக்குப் பொட்டலம் இருந்தால் போதும், ரக்கூன் ஜிப்பைத் திறக்கவே கற்றுவைத்திருக்கிறது. பெட்டியில் எல்லாருடைய பையும் அடங்காது. உணவை ஆளுக்கொரு பையாக இல்லாமல் வேளைக்கொரு பையாகக் கட்டுங்கள்.

முகாம்களில் குழாய் உண்டு. ஆனால் அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குடிக்கச் சொல்லி அறிவிப்பு வருவதுண்டு. கிளம்பும் முன் பூங்காவின் பக்கத்தைப் பாருங்கள், வடிகட்டியையும் வையுங்கள். கைப்பேசிச் சிக்னலை நம்பாமல் காகித வரைபடமும் அச்சிட்ட அனுமதிச் சீட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் மூடுபனி, செப்டம்பர், அக்டோபரில் வானம் தெளியும். பாதையோரம் பாய்சன் ஓக்கும் (தொட்டால் அரிக்கும் செடி) உண்ணியும் இருப்பதால் முழுக்கால் சட்டை கட்டாயம். நாயைக் கூட்டிப்போக அனுமதி இல்லை.

பின்சேர்க்கை: அலமியர் அருவி

வைல்ட்கேட்டில் தங்குபவர்கள் அருவியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதைச் சேர்க்கிறேன். முகாமிலிருந்து கடற்கரை வழியே தெற்கே 1.1 மைல். கடல் ஏறும் நேரத்தில் மணல் முழுகி, ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் அலை என்று மாட்டிக்கொள்ள நேரும். அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பி, மறுபடி ஏறுவதற்கு முன் எல்லாரும் திரும்பிவிட வேண்டும். பெரிய குழுவில் கடைசி ஆளின் வேகத்தை வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். மேலிருந்து அருவிக்கு இறங்கும் குறுக்குப்பாதை பூங்கா பராமரிக்கும் பாதை அல்ல. மண் உதிரும் செங்குத்து. குழந்தைகளோடு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பாலமரினில் வண்டி நிறுத்துமிடம் வார இறுதியில் காலையிலேயே நிரம்பிவிடும். ஐந்து காரை மூன்றாகக் குறைத்து, விடிந்ததும் போய்ச்சேருங்கள்.