டீஃபால்ட்டை மாற்றுவதற்கு முன்: பேக்கேஜ் ஆப்ஷன்களைப் பராமரிக்கும் முறை

மேலூர் என்ற சொல்லில் ஏகாரக் கொம்பு ‘ம’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றிருந்தது. ‘லூ’ இரண்டு துண்டாகக் கிடந்தது. ஆரப்பாளையத்தில் ‘ளை’ உடைந்திருந்தது. மாட்டுத்தாவணியிலிருந்து கிளம்பும் பஸ் தடங்களை ஒரு மாணவி கிராஃப்விஸ் என்ற வரைபட மென்பொருள் கொண்டு வரைந்திருந்தார், ஊர்ப் பெயர்கள் எல்லாம் தமிழில். பக்கத்து மேஜைக் கணினியில் அதே கோப்பைக் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்தும் ஒழுங்காக வருகிறது. இரண்டு கணினியிலும் கிராஃப்விஸ் பதிப்பு எண் ஒன்றுதான். ஃபாண்ட்டும் ஒன்றுதான்.

இரண்டு நாள் தேடினேன். தப்பு மாணவியிடமும் இல்லை, ஃபாண்ட்டிலும் இல்லை. மூன்று வாரம் முன்பு நான் மாற்றிவைத்த ஒரு டீஃபால்ட்டில், அதாவது யாரும் எதுவும் சொல்லாவிட்டால் தானாக அமையும் தேர்வில், இருந்தது.

திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு மென்பொருள் பராமரிப்பது என் வேலை. லினக்ஸ் கணினிகள், நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் ஓடும் இரண்டு சர்வர், ஆசிரியர்களின் மேக் லேப்டாப் என்று மூன்று வகை. மூன்றுக்கும் ஒரே மூலத்திலிருந்து மென்பொருள் தயாரிக்க பேக்கேஜ் சோர்ஸ் என்ற அமைப்பை வைத்திருக்கிறோம். 1997-இல் நெட்பிஎஸ்டி திட்டத்தார் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் போர்ட்ஸ் என்ற இதே வகை அமைப்பிலிருந்து எடுத்து வளர்த்தது அது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிலையான கிளை ஒன்று வெளிவரும். நாங்கள் அந்தக் கிளையின் நகலில் எங்களுக்கு வேண்டிய திருத்தங்களைச் சேர்த்துக்கொள்கிறோம். இதே வேலையை நீங்களும் செய்கிறீர்கள் என்றால், அல்லது செய்யப்போகிறீர்கள் என்றால், நான் பட்ட இரண்டு நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்வோம். இதில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பேக்கேஜ். மூல நிரலிலிருந்து அதை உருவாக்குவதுதான் பில்ட். பில்ட் செய்யும்போது சேர்க்கவோ விடவோ கூடிய வசதிதான் ஆப்ஷன். ஒவ்வொரு பேக்கேஜ் அடைவிலும் ‘ஆப்ஷன்ஸ்.எம்கே’ என்று ஒரு கோப்பு இருக்கலாம். அதில் இரண்டு பட்டியல்கள் முக்கியம். ஒன்று ‘சப்போர்ட்டட்’: இந்த பேக்கேஜில் எந்தெந்த ஆப்ஷனைத் தொடலாம் என்பது. இன்னொன்று ‘சஜஸ்டட்’: யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எவை ‘ஆன்’ ஆகும் என்பது. இந்த இரண்டாவதுதான் டீஃபால்ட். பயனர் தன் ‘எம்கே.கான்ஃப்’ கோப்பில் எல்லா பேக்கேஜுக்கும் பொதுவாக ஒன்றும், குறிப்பிட்ட பேக்கேஜுக்குத் தனியாக ஒன்றும் எழுதிக்கொள்ளலாம். ஆப்ஷன் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் அது அணையும். மதிப்பிடும் வரிசை: முதலில் பேக்கேஜின் சஜஸ்டட், அடுத்து பயனரின் பொதுப் பட்டியல், கடைசியில் அந்த பேக்கேஜுக்கான தனிப் பட்டியல். கடைசியாகச் சொன்னதே செல்லும்.

நான் செய்த முதல் தவறு இந்த வரிசையில்தான். எங்கள் சர்வர்களில் திரை கிடையாது. அதனால் கிராஃப்விஸில் திரையில் ஜன்னல்கள் காட்டும் எக்ஸ்11 வேண்டாம் என்று நினைத்தேன், அது நியாயம். கூடவே ‘பேங்கோகெய்ரோ’ என்ற ஆப்ஷனும் திரை சம்பந்தப்பட்டது என்று எண்ணி இரண்டையும் சஜஸ்டட் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். பேங்கோ என்பது எழுத்துகளை ஒழுங்காக அடுக்கும் நூலகம் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு). அது திரைக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை. யூனிகோடில் ‘மே’ என்பது முதலில் ம, பிறகு ஏகாரக் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கண்ணுக்குக் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்க ஒருவர் வேண்டும். பேங்கோ அந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தை வைத்துச் செய்கிறது. பேங்கோ போனதும் கிராஃப்விஸ் தன்னிடம் மீதியிருந்த ஜிடி நூலகத்தைக் கொண்டு படத்தை வரைந்தது. பிழைச்செய்தி ஒன்றும் வரவில்லை. ஆங்கிலத்தில் பெயர் எழுதியிருந்தால் இன்றுவரை எனக்குத் தெரிந்திருக்காது.

சர்வரில் எக்ஸ்11 வேண்டாம் என்பது எங்கள் ஆய்வகத்தின் தேவை. பேக்கேஜின் தேவை இல்லை. ஆகவே அதை எங்கள் சர்வர்களின் ‘எம்கே.கான்ஃப்’ பொதுப் பட்டியலில் ‘எக்ஸ்11 வேண்டாம்’ என்று ஒரே வரியில் எழுதியிருக்க வேண்டும். பேக்கேஜின் சஜஸ்டட் பட்டியலில் கை வைத்ததால் எங்கள் நகலை எடுத்துப் பயன்படுத்திய எல்லா இயந்திரத்துக்கும் அது பரவியது. ஓர் இடத்தின் தேவையை அந்த இடத்தின் கோப்பில் எழுதுங்கள். எல்லோருக்கும் பொருந்துவதை மட்டும் பேக்கேஜில் எழுதுங்கள். மாற்றத் தோன்றும் ஒவ்வொரு முறையும் இது எந்தக் கோப்புக்கு உரியது என்பதைத்தான் நான் இப்போது முதலில் பார்க்கிறேன்.

இரண்டாவது தவறு இன்னும் மோசம். டீஃபால்ட்டை மாற்றியபோது பேக்கேஜ் ரிவிஷன் எண்ணைக் கூட்டவில்லை. மூல மென்பொருளின் பதிப்பு மாறாமல், நாம் பில்ட் செய்யும் விதம் மட்டும் மாறி, அதனால் உருவாகும், நிறுவத் தயாரான பைனரி பேக்கேஜ் வேறாகிறது என்றால் இந்த எண்ணை ஒன்று கூட்ட வேண்டும். கூட்டினால் பெயரின் முடிவில் ‘என்பி1’, ‘என்பி2’ என்று வரும். பழையதை வைத்திருக்கும் கணினி அதைப் பார்த்துத்தான் புதியதை எடுத்துக்கொள்ளும். நான் கூட்டாததால் பாதிக் கணினியில் பேங்கோ உள்ள கிராஃப்விஸ், மீதியில் பேங்கோ இல்லாத கிராஃப்விஸ், இரண்டுக்கும் ஒரே பெயர். டீஃபால்ட்டில் ஒரு சொல்லைத் தொட்டாலும் எண்ணைக் கூட்டுங்கள். எண் மலிவானது, தாராளமாகச் செலவழிக்கலாம். மூலத்தின் புதிய பதிப்புக்கு மாறும்போது அந்த வரியையே எடுத்துவிடலாம்.

இப்படிக் குழப்பம் வந்தால் உண்மையைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. எந்த ஆப்ஷன்களோடு பில்ட் ஆனது என்ற விவரம் பைனரி பேக்கேஜுக்குள்ளேயே பதிவாகிறது. பிகேஜி-இன்ஃபோ கட்டளைக்குப் பெரிய எழுத்து கியூ கொடுத்துக் கேட்டால் சொல்லிவிடும். பில்ட் செய்வதற்கு முன்பே பார்க்க வேண்டுமா, பேக்கேஜ் அடைவில் நின்று ‘ஷோ-ஆப்ஷன்ஸ்’ இலக்கை ஓட்டுங்கள். என்னென்ன ஆப்ஷன் உண்டு, எவை டீஃபால்ட், இப்போது எவை ‘ஆன்’ என்று விளக்கத்தோடு வரும். அன்று இதை ஓட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

எதை ஆப்ஷனாக வைப்பது, எதைக் கேட்காமலே செய்வது? இதில் எனக்கு வழிகாட்டி என் அப்பா. மீனாட்சி கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்தவர். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறும்வரை அங்கேதான் தைத்தார். சட்டைக்கு அளவு கொடுக்க வருபவரிடம் அவர் கேட்கும் கேள்விகள் இரண்டோ மூன்றோதான். முழுக்கையா அரைக்கையா, பாக்கெட் ஒன்றா இரண்டா. பட்டன் துளை எத்தனை, தையல் எவ்வளவு நெருக்கம் என்பதையெல்லாம் கேட்கமாட்டார். சின்ன வயதில் காரணம் கேட்டதற்கு, “வெட்டுன துணிய ஒட்ட முடியாதுப்பா. வெட்டுறதுக்கு முன்னாடி எது கேக்கணுமோ அத மட்டும் கேளு. மத்தத நாமதான் நல்லா செஞ்சு குடுக்கணும். எல்லாத்தையும் கேட்டா வந்தவரு என்ன செய்வாரு, பாவம்” என்றார். உள்தையலில் ஒரு விரல் அகலம் துணி கூடுதலாக விட்டுத்தான் தைப்பார், பின்னால் பிரித்துப் பெரிதாக்கலாம் என்று.

ஆப்ஷன் விஷயத்திலும் அப்படித்தான். ஒரு வசதியைச் சேர்ப்பதால் புதிய சார்பு (கூடவே நிறுவ வேண்டிய வேறு மென்பொருள்) எதுவும் வராது, உரிமச் சிக்கலும் இல்லை என்றால் ஆப்ஷனே வேண்டாம், எப்போதும் ‘ஆன்’. அந்த வசதி தனிக் கோப்பாக, செருகியாக உருவாகிறது என்றால் அதைத் தனி பேக்கேஜாகப் பிரியுங்கள். பேக்கேஜ் சோர்ஸில் பிஎச்பி மொழியின் நீட்சிகள் அப்படித்தான் தனித்தனி பேக்கேஜாக இருக்கின்றன. வேண்டியவர் பைனரியாகவே நிறுவிக்கொள்ளலாம், மறுபடி பில்ட் செய்ய வேண்டியதில்லை. பில்ட் நேரத்தில் மட்டுமே தீர்மானிக்க முடிகிற, பெரிய சார்புகளை இழுத்துவருகிற விஷயம்தான் ஆப்ஷன் ஆக வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், ஆப்ஷன் ஒன்று கூடும்போது சேர்க்கைகள் இரட்டிப்பாகின்றன. பத்து ஆப்ஷன் இருந்தால் 1024 விதமாக பில்ட் செய்யலாம். அதை மூன்று இயங்குதளத்தில் யார் சோதிப்பது? மேக் பயனர்களுக்குப் பழக்கமான ஹோம்ப்ரூ என்ற பேக்கேஜ் அமைப்பு 2019-இல் 2.0 வெளியிட்டபோது தன் மையக் களஞ்சியத்தின் ஆப்ஷன்களை எல்லாம் நீக்கிவிட்டது. அவ்வளவு தூரம் போக எனக்கு மனமில்லை. ஆனால் ஒவ்வோர் ஆப்ஷனையும் சோதிக்க ஆள் உண்டா என்று எண்ணிப்பார்த்த பிறகே சேர்க்கிறேன்.

டீஃபால்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, கேட்க வராதவரை மனதில் வையுங்கள். பெரும்பாலோர் பைனரியை நிறுவுகிறவர்கள். அவர்களுக்கு ஆப்ஷன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நீங்கள் ‘ஆன்’ செய்து வைத்ததுதான் அவர்களுக்கு அந்த மென்பொருள். தமிழோ அரபியோ எழுதுகிறவருக்கு எழுத்து உடைகிற டீஃபால்ட், எவ்வளவு இடம் மிச்சமானாலும் தவறான டீஃபால்ட். மறைகுறியாக்கம் போன்ற பாதுகாப்பு வசதிகளும் இப்படித்தான், எடை பார்த்து விடக்கூடாது. எடை பார்க்க வேண்டியது திரை, ஒலி, ஆவணம் உருவாக்கும் கருவிகள் ஆகியவற்றில்.

இயங்குதளங்களுக்கு இடையே டீஃபால்ட் முடிந்தவரை ஒன்றாக இருக்கட்டும். கருவே வேறாக இருந்தால் மட்டும் பிரியுங்கள். கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் இனோட்டிஃபை, ஒலிக்கான ஆல்சா இரண்டும் லினக்ஸின் கருவான கெர்னலைச் சேர்ந்தவை. அவற்றை லினக்ஸுக்கு மட்டும் பரிந்துரைப்பது சரி. ஒரு நூலகம் மேக்கில் பில்ட் ஆக அடம்பிடிக்கிறது என்பதற்காக அங்கே மட்டும் டீஃபால்ட்டை அணைப்பது சரியில்லை. அது பழுது. பழுதுபார்க்கிற வேலையைத் தள்ளிப்போட்டிருக்கிறோம் என்று ஒரு கருத்துவரி எழுதிவையுங்கள்.

அப்புறம், பல நாள் கவனிக்காமல் விட்ட ஒன்று. ஆப்ஷனை ‘ஆஃப்’ செய்தால் உண்மையிலேயே அது ‘ஆஃப்’ ஆகிறதா? பல மென்பொருள்களில் பில்டுக்கு முன் ஓடும் கான்ஃபிகர் நிரல், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கணினியில் எந்த நூலகம் இருக்கிறது என்று தானே துழாவிப் பார்த்து, கிடைத்ததைச் சேர்த்துக்கொள்ளும். பேக்கேஜ் சோர்ஸின் பில்ட்லிங்க் அமைப்பு, அறிவிக்காத பேக்கேஜ்களை பில்டின் கண்ணிலிருந்து மறைக்கிறது. ஆனால் லினக்ஸில் இயங்குதளத்தோடு நிறுவப்பட்ட தலைப்புக் கோப்புகளை (நூலகங்களின் அறிவிப்புகள் உள்ளவை) கம்பைலர் எப்படியும் பார்த்துவிடும். என் கணினியில் சேர்ந்த வசதி உங்கள் கணினியில் சேராது. அதனால் ஆப்ஷன் கோப்பில் ‘ஆன்’ கிளையில் ‘வித்’ என்று எழுதினால், ‘ஆஃப்’ கிளையில் ‘வித்அவுட்’ என்றும் கட்டாயம் எழுதுங்கள். முடிந்ததும் லினக்ஸிலும் நெட்பிஎஸ்டியிலும் எல்டிடி, மேக்கில் ஓடூல் கொண்டு பைனரி எந்த நூலகங்களைத் தேடுகிறது என்று ஒரு பார்வை பாருங்கள்.

ஆப்ஷனைப் பொறுத்து நிறுவப்படும் கோப்புகள் மாறினால், அவற்றின் பட்டியலான பிளிஸ்ட் கோப்பில் அந்த வரிகளுக்கு நிபந்தனை முன்னொட்டு வேண்டும். மறந்தால் பில்டே நின்றுவிடும். ஒன்றுக்கொன்று ஒவ்வாத ஆப்ஷன்களைக் குழுவாக வையுங்கள்: ஒன்றை எடுத்தே ஆக வேண்டும் என்றால் ‘ரிக்வயர்ட் குரூப்’, எடுத்தால் ஒன்று மட்டும் என்றால் ‘ஆப்ஷனல் குரூப்’.

பெயர் வைப்பதில் தனித்தன்மை வேண்டாம். மற்ற பேக்கேஜ்கள் பயன்படுத்தும் அதே பெயரை எடுங்கள், இல்லாவிட்டால் பயனரின் பொதுப் பட்டியலில் உள்ள ‘எக்ஸ்11 வேண்டாம்’ உங்கள் பேக்கேஜுக்கு எட்டாது. புதிய பெயர் தவிர்க்க முடியாதது என்றால் பொதுவான விளக்கக் கோப்பில் அதற்கு ஒரு வரி சேருங்கள். பழைய பெயரை மாற்றினால் ‘லெகஸி ஆப்ட்ஸ்’ பட்டியலில் பழையதையும் புதியதையும் ஜோடியாகக் குறித்து வையுங்கள். பழைய பெயரை எழுதி வைத்திருப்பவருக்கு எச்சரிக்கை வரும், பில்ட் உடையாது. எல்லாம் எழுதி முடித்ததும் பேக்கேஜ் கோப்புகளைச் சரிபார்க்கும் பேக்கேஜ்லின்ட் கருவியை ஓட்டுங்கள். எழுத்துப்பிழைகளில் பெரும்பாலானவற்றை அதுவே பிடித்துக்கொடுக்கும்.

டீஃபால்ட் மாற்றத்தைத் தனி கமிட்டாக (களஞ்சியத்தில் தனி மாற்றப் பதிவாக) போடுங்கள், பதிப்பு உயர்வோடு கலக்காதீர்கள். செய்தியில் என்ன மாறியது என்பதோடு ஏன் மாறியது, பழையபடி வேண்டுமானால் பயனர் எந்த வரியை எழுத வேண்டும் என்பதையும் சேருங்கள். நான் எழுதியிருந்த செய்தி ‘சார்புகள் குறைப்பு’ என்ற இரண்டு சொல். மூன்று வாரம் கழித்து எனக்கே அது எதையும் சொல்லவில்லை.

சோதனைக்கு, எல்லாவற்றையும் ‘ஆஃப்’ செய்து ஒரு பில்ட், டீஃபால்ட்டில் ஒன்று, எல்லாவற்றையும் ‘ஆன்’ செய்து ஒன்று. மூன்று தளத்துக்கும் ஒன்பது பில்ட். இரவில் ஓடவிட்டால் காலையில் தயாராக இருக்கும். பில்ட் ஆனால் போதாது, ஓட்டியும் பார்க்க வேண்டும். அந்த மாணவியிடம் கேட்டு பஸ் தடக் கோப்பை வாங்கிவைத்திருக்கிறேன். கிராஃப்விஸைத் தொடும்போதெல்லாம் மூன்று தளத்திலும் அதை வரைந்து, மேலூரைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். கொம்பு ‘ம’வுக்கு முன்னால் இருந்தால்தான் பேக்கேஜ் சர்வருக்குப் போகும்.