‘நண்பகல் நேரத்து மயக்கம்’ பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறை நானே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாம்பார், ரசம், மோர் எல்லாம் முடித்து, ஃபேனுக்கு அடியில் படுத்தபடி போனில் படத்தைப் போட்டேன். தூங்கிவிட்டேன். கண் விழித்தால், வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த மம்மூட்டி, லுங்கியும் அதுவுமாக யாரோ ஒரு தமிழர் வீட்டில் உரிமையோடு நடமாடுகிறார். நடுவில் எதையோ விட்டுவிட்டோம் என்று பின்னால் தள்ளிப் பார்த்தேன். பஸ்ஸில் எல்லோரும் மதியத் தூக்கத்தில் இருக்கிறார்கள். மம்மூட்டி, அதாவது படத்தில் ஜேம்ஸ், விழிக்கிறார், வண்டியை நிறுத்தச் சொல்கிறார், இறங்கிச் சோளக்காட்டுக்குள் நடக்கிறார். அவ்வளவுதான். விட்டுப்போன விளக்கம் என்று ஒன்றுமே இல்லை!

லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கிய இந்த மலையாளப் படம் 2023 ஜனவரியில் வெளியானது. எழுதியவர் எஸ். ஹரீஷ். கதையின் பெரும்பகுதி தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் நடக்கிறது.

‘ஆரம்பத்தில் ஒன்றுமே நடக்கவில்லை’ என்று ஓட்டிவிட்டுப் பார்ப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். ஜேம்ஸ் கறார் பேர்வழி. காசில் கெட்டி. தமிழ்நாட்டுச் சாப்பாடு பிடிக்காது, டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தால் ஆகாது. அப்புறம் அதே மனிதர், அந்தக் கிராமத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு முன் காணாமல் போன சுந்தரமாக மாறி உட்கார்ந்து, சர்க்கரை பத்தவில்லை என்று குறைப்படுகிறார். முதல் டீயைக் கவனிக்காதவருக்கு இரண்டாவது டீ வெறும் டீ.

அடுத்தது, நடிப்பை வசனத்தில் தேடுவது. ‘இது என் ஊர்’ என்று அவர் ஊராரிடம் மன்றாடும் இடத்தை எல்லோரும் பாராட்டுகிறார்கள். சரி, நல்ல இடம்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, சுந்தரத்தின் வீட்டுக்குள் அவர் முதல்முறை நுழையும் விதம். வாசலில் தயங்குவதில்லை, எதையும் தேடுவதில்லை. பல வருடம் புழங்கிய வீட்டில் நமக்குக் கால் தானாகப் போகுமே, அப்படிப் போகிறார். குரலை மாற்றவில்லை, மேக்கப் இல்லை. ஆள் மட்டும் மாறிவிட்டார். ‘தளபதி’ தேவாவை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது நடிப்பாகவே தெரியாமல் போகலாம். கேரள அரசின் 2022ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் விருது இதற்குத்தான் கிடைத்தது.

காதை மூடிக்கொண்டு பார்ப்பது இன்னொரு தவறு. பின்னணியில் பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும் ஓடிக்கொண்டே இருக்கும். சுந்தரத்தின் பார்வையில்லாத அம்மா டிவி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். திரையில் நடப்பதற்கு அந்த வசனங்கள் சில சமயம் பதில் சொல்கின்றன, சில சமயம் கேலி செய்கின்றன. மலையாளிகள் இதைச் சப்டைட்டிலில் படிக்க வேண்டும். நமக்கு அது சும்மாவே காதில் விழுகிறது.

‘கடைசியில் அது ஆவியா, கனவா?’ என்று விளக்க வீடியோ தேடுவதைப் பற்றி என்ன சொல்ல? ஆரம்பத்திலேயே தங்கும் விடுதியில் ‘உறங்குவது போலுஞ் சாக்காடு’ குறள் வந்துவிடுகிறது. ஜேம்ஸ் நாடகக் குழு நடத்துபவர் என்பதும் இருக்கிறது. ஆவி, கனவு, நாடகம் மூன்றுக்கும் கதவு திறந்தே கிடக்கிறது. ஒன்றைச் சாத்தினால் மற்ற காட்சிகள் இடிக்கும்.

இன்னொரு முறை பார்த்தால் மம்மூட்டியை விட்டுவிட்டு ஃப்ரேமின் ஓரங்களைப் பாருங்கள். தேனி ஈஸ்வரின் கேமரா பெரும்பாலும் அசையாது, அதனால் நேரம் கிடைக்கும். ஓரிடத்தில் ஜேம்ஸின் மனைவி சாலி, இன்னோரிடத்தில் சுந்தரத்தின் மனைவி பூங்குழலி. ஒருத்திக்குக் கணவன் கண் முன்னால் இருந்தும் இல்லை. இன்னொருத்திக்குப் போனவன் வேறு முகத்தோடு வந்து நிற்கிறான். இருவரும் அதிகம் பேசுவதே இல்லை.