ஒற்றை உரிமையாளர் எல்எல்சி: வரி முறையைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்) என்பது மாநிலச் சட்டத்தின் கீழ் பிறக்கும் அமைப்பு. கூட்டரசின் வருமான வரிச் சட்டத்தில் அதற்கெனத் தனி வகை கிடையாது. ஆகவே, பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததுமே தம் வரி குறைந்துவிட்டதாக நினைப்பதுதான் முதல் தவறு. உரிமையாளர் ஒருவரே என்றால், அவர் வேறு வகையைக் கேட்டுப் படிவம் தராதவரை, வருமான வரியைப் பொறுத்தமட்டில் ஐஆர்எஸ் (கூட்டரசின் வரித் துறை) அந்த நிறுவனத்தை இல்லாததாகவே கொள்ளும்; லாபநட்டக் கணக்கு அவருடைய தனிநபர் வருமான வரிக்கான 1040 படிவத்தோடு இணையும், தொழில் கணக்குக்கான ஷெட்யூல் சி-யில் போய்ச் சேரும். வரி முழு லாபத்துக்கும் உண்டு; சொந்தச் செலவுக்கு எடுத்த தொகைக்கு மட்டும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

அடுத்தது, எஸ் கார்ப்பரேஷனாக மாறுவதில் காட்டும் அவசரம். இது ஒரு வரி வகை: லாபத்துக்கான வருமான வரி உரிமையாளர் கணக்கிலேயே சேரும்; சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியும் அவர் எடுக்கும் சம்பளத்துக்கு மட்டும். நிகர லாபம் 80,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 92.35 சதவீதத்தின் மீது 15.3 சதவீதமாகச் சுயதொழில் வரி (சொந்தத் தொழில் செய்வோர் அவ்விரண்டுக்கும் கட்டுவது) ஏறத்தாழ 11,300 டாலர் வரும். எஸ் கார்ப்பரேஷனாகி 50,000 டாலரைச் சம்பளமாக எடுத்தால், சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்கும் முதலாளி பங்கு, ஊழியர் பங்கு இரண்டும் சேர்ந்து 7,650 டாலர்தான். ஆனால் சம்பளப் பட்டியல் நடத்தும் செலவு, தனியே தாக்கல் செய்ய வேண்டிய 1120-எஸ் படிவத்துக்கான கணக்காளர் கட்டணம், கலிபோர்னியா என்றால் நிகர வருமானத்தின் மீது மாநிலம் கேட்கும் 1.5 சதவீதம் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால், அந்த 3,650 டாலர் மிச்சத்தில் பெரும்பகுதி கரைந்துவிடக்கூடும்.

மிச்சத்தைக் கூட்டுவதற்காகச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவது இதைவிட ஆபத்தானது. அயோவா மாநிலக் கணக்காளர் டேவிட் வாட்சன் 2002-ஆம் ஆண்டில் தம் எஸ் கார்ப்பரேஷனிலிருந்து சம்பளமாக 24,000 டாலர் மட்டும் எடுத்துக்கொண்டு, 2,00,000 டாலருக்கு மேற்பட்ட தொகையை லாபப் பங்கீடாகப் பெற்றார். அவருடைய பணிக்கு உரிய ஊதியம் 91,044 டாலர் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. 2012-இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. வரி தெரிந்த ஒருவருக்கே இந்தக் கதி என்பதைக் கவனிக்க வேண்டும்.

எஸ் தேர்வுக்குரிய 2553 படிவத்தை, அது நடைமுறைக்கு வரும் வரியாண்டு தொடங்கி 2 மாதம் 15 நாளுக்குள் தர வேண்டும். நாள்காட்டி ஆண்டைப் பின்பற்றுவோருக்குப் பொதுவாக மார்ச் 15 கடைசி நாள். தக்க காரணம் காட்டினால் தாமதத்துக்கு விலக்கு உண்டு என்றாலும், அதை நம்பித் திட்டமிடுவது சரியல்ல. லாபத்தைத் தொழிலிலேயே விட்டுவைக்கும் எண்ணமில்லாதவர் 8832 படிவத்தின் வழியே சி கார்ப்பரேஷன் (தன் லாபத்துக்குத் தானே வரி கட்டும் நிறுவனம்) ஆவதும் பெரும்பாலும் வீண்: 21 சதவீத நிறுவன வரிக்குப் பிறகு ஈவுத்தொகைக்கும் வரி உண்டு.

சென்னையிலோ கோவையிலோ இருந்தபடி டெலவேரில் எல்எல்சி பதிவு செய்திருப்பவர், வரிச் சட்டப்படி அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் என்றால், எஸ் வழி அவருக்கு அடைபட்டதே. எச்-1பி வேலை விசாவில் அங்கு வசித்தபோது எஸ் தேர்வு செய்தவருக்கும், ஊர் திரும்பி அந்த நிலையை அடையும் நாளில் அது முடிந்துவிடும். நிறுவனத்தை வரிக்கு இல்லாததாகக் கொள்ளும் முறையில் இருக்கும் வெளிநாட்டு உரிமையாளர், தமக்கும் நிறுவனத்துக்கும் இடையே பணப் பரிமாற்றம் நடந்த ஆண்டில், வரி பாக்கி இல்லாவிட்டாலும் அந்தப் பரிமாற்றத்தைத் தெரிவிக்கும் 5472 படிவத்தை, நிறுவன வருமான வரிக்கான 1120 படிவத்தின் முகப்போடு சேர்த்து அனுப்ப வேண்டும். தவறினால் அபராதம் 25,000 டாலரிலிருந்து தொடங்குகிறது. முதலீடாகப் போட்ட தொகையும் இந்தப் பரிமாற்றக் கணக்கில் சேரும்.