பால்மரத்தைத் தொட்டுப் பார்க்க ஒரு மேசை: தொழிற்கல்லூரி மாணவர்களும் அருங்காட்சியகமும் சேர்ந்து செய்வது எப்படி

கோலாலம்பூரில் தேசிய அருங்காட்சியகம் 1963 ஆகஸ்டு 31 முதல் இயங்குகிறது. எம்.ஆர்.டி. நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கே.எல். சென்ட்ரலிலிருந்து நடைபாதை வழியாகவே வந்துவிடலாம். சென்ட்ரலுக்கு அந்தப் பக்கம் பிரிக்பீல்ட்ஸ், அங்கே மலேசியப் பார்வையற்றோர் சங்கம். ஆனால் பக்கத்தில் இருப்பதால் மட்டும் யாரும் உள்ளே வந்துவிடுவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பால்வெட்டுக் கத்தி (ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் கத்தி), பார்வையற்றவருக்கு வெறும் கண்ணாடிதான். அந்தக் கத்தியை வாழ்நாள் முழுக்கப் பிடித்த தோட்டத்துப் பாட்டிக்கும் பெட்டிக்குள் தெரிவது பாதிதான்.

இந்த இரண்டு வகையினரையும் மனத்தில் வைத்து, ரப்பர் தோட்டப் பொருள்களின் நகல்களைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஒரு தொடுமேசையை 12 வாரத்தில் செய்யும் முறையைச் சொல்கிறோம். தச்சு, உலோக வேலை, கணினி வரைகலை படிக்கும் மாணவர்கள் எட்டுப் பேர் போதும். நகரத்தில் எந்த அருங்காட்சியகத்துக்கும் இது பொருந்தும்.

1. முதலில் ஆட்கள், பிறகு பொருள்

பார்வையற்றவர் இருவர், முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளர் இருவர் என நான்கு பேரை முதல் வாரமே அழையுங்கள். முடிந்த மேசையைக் காட்ட இவர்களைக் கூப்பிடுவதில் பயனில்லை. எதைத் தொட வேண்டும் என்று முடிவெடுக்கும்போதே இவர்கள் கூட இருக்க வேண்டும். போக்குவரத்துச் செலவையும் ஒரு நாள் சன்மானத்தையும் பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.

2. ஒரு பக்க ஒப்பந்தம்

பொருள் செலவு யாருடையது, செய்த பொருள் யாருக்குச் சொந்தம், எந்த வாரம் யார் கையெழுத்திட்டு ஒப்புதல் தருவார் என்ற மூன்றும் இருந்தால் போதும். கல்லூரி இந்த வேலையை மதிப்பெண் உள்ள பயிற்சியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அருங்காட்சியகம் மாணவர் பெயர்களை மேசையில் பொறிக்க வேண்டும். மாணவர்களை வாசலில் நிறுத்தித் துண்டறிக்கை கொடுக்க வைப்பது கூட்டு முயற்சி ஆகாது.

3. அளவெடுப்பு

அசல் பொருளில் அச்சு எடுக்கவே கூடாது. கணினியில் அதன் முப்பரிமாண வடிவத்தை உருவாக்கச் சுற்றிச் சுற்றி 80 படங்கள் எடுங்கள், முந்தைய படத்தில் தெரிந்த பகுதியில் 70 சதவீதம் ஒவ்வொரு படத்திலும் மறுபடி வர வேண்டும். கைக்கு நைட்ரில் உறை, அளவெடுக்கப் பிளாஸ்டிக் காலிப்பர். பளபளப்பைக் குறைக்கப் பவுடர் தூவும் பழக்கம் பட்டறையோடு நிற்கட்டும்.

4. மரத்தண்டு

மேசையின் உயிர் இதுதான். 60 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலமுள்ள பட்டைப் பகுதியை, தோட்டத்தில் அனுமதி பெற்று, நிற்கும் மரத்திலிருந்தே அச்செடுங்கள். பட்டை காய்ந்திருக்க வேண்டும். பால் வடிவது நின்றிருக்க வேண்டும்.

சிலிக்கோன் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். பிளாட்டினம் வகை சிலிக்கோன், இயற்கை ரப்பர் பாலோ கந்தகமோ பட்டால் இறுகாது. பிசுபிசுவென்று அப்படியே கிடக்கும். லேட்டக்ஸ் கையுறை போட்டுக் கலக்கினாலும் இதே கதிதான். தகரம் வகை சிலிக்கோன் 2 கிலோ வாங்குங்கள். செங்குத்தான மரத்தில் வழியாமலிருக்க, கெட்டியாக்கும் திரவத்தை அதோடு சேருங்கள். தூரிகையால் இரண்டு பூச்சு, மொத்தம் 5 மி.மீ. கனம். மேலே கோணித் துணியும் பிளாஸ்டர் கலவையும் வைத்து ஓடு போடுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டு, பிறகு மரத்திலிருந்து பிரித்தெடுங்கள்.

அச்சுக்குள் எபாக்சியும் கண்ணாடி இழைத் துணியும் இரண்டு அடுக்கு. பாலியூரித்தேன் ரெசின் மலிவுதான், ஆனால் நம் ஊர் ஈரக் காற்று பட்டாலே குமிழி விடும்.

வெட்டின் திசையைக் கவனியுங்கள். இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் இறங்க வேண்டும். பால் குழாய்கள் மேலே போகப் போக வலப்புறம் சாய்கின்றன; இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். வெட்டு இடவலம் மாறியிருந்தால், பால் வெட்டியவர் ஒருவர் தொட்ட மாத்திரத்தில் பிடித்துவிடுவார். வெட்டுக்கு மேலே விரலை ஓட்டினால் புதிதாக வளர்ந்த வழவழப்பான பட்டை, கீழே ஓட்டினால் இன்னும் கத்தி படாத சொரசொரப்பு. இந்த வேறுபாடு கைக்குத் தெரிந்தால் மரத்தின் வயதும் உழைப்பும் சேர்ந்து தெரியும். அதனால் உப்புத்தாள் தேய்த்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடாதீர்கள்.

5. கத்தி, மங்கு, காண்டா

நகல் கத்தியின் முனையை 2 மி.மீ. ஆரத்துக்கு மழுக்குங்கள். மங்கு எனப்படும் பால் பிடிக்கும் கிண்ணத்தை முப்பரிமாண அச்சில் செய்யலாம், பி.எல்.ஏ. வகைப் பிளாஸ்டிக் வேண்டாம், 60 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே இளகும், வெயிலில் நிறுத்திய காருக்குள் உருக்குலைந்துவிடும். பி.இ.டி.ஜி. வகை நல்லது, சுவர் கனம் 3 மி.மீ. உள்ளே பாலுக்குப் பதில் வெள்ளை நிறம் கலந்த சிலிக்கோன். உண்மையான ரப்பரை வைக்காதீர்கள், சிலருக்கு ஒவ்வாமை வரும். காண்டாவின் (இரு முனையிலும் வாளி தொங்க, தோளில் சுமக்கும் தடி) இரண்டு வாளியிலும் 3 கிலோ மணலிட்டு மூடுங்கள். தோளில் வைத்துப் பார்த்தால் சுமையின் கனம் தெரியும்.

6. மேசையும் எழுத்தும்

மேல்பலகை தரையிலிருந்து 75 செ.மீ., முழங்கால் இடம் 69 செ.மீ.; சக்கர நாற்காலி உள்ளே நுழையும். ரப்பர் மரப்பலகை அழகு, பொருத்தமும் கூட. ஆனால் போரான் மருந்தேற்றியதை மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் வண்டு துளைக்கும், அந்த வண்டு கூடத்திலிருக்கும் அசல் பொருள்களுக்கும் பரவும். குளிரூட்டிய அறையில் பலகை சுருங்கும் என்பதால் திருகுத் துளைகளை நீள்வட்டமாகத் துளைத்துவிடுங்கள். காலடியில் ரப்பர் விரிப்பு வேண்டாம். அதிலிருந்து வரும் கந்தகம் பக்கத்துப் பெட்டியிலுள்ள வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

பிரெயில் புள்ளிகளின் உயரம் 0.5 மி.மீ., ஓர் எழுத்துக்குள் புள்ளிக்குப் புள்ளி 2.5 மி.மீ. மலாயில் எழுதி, பிரெயில் படிப்பவர் ஒருவரிடம் காட்டித் திருத்திய பிறகே அச்சிடுங்கள். தமிழுக்கு ஒலிப்பதிவு: பால் வெட்டியவர் குரலிலேயே, ஒரு பொருளுக்கு 40 விநாடிக்கு மேல் போகாமல். பிரட்டுக் களம் (காலையில் பேர் கூப்பிடும் இடம்), ஒட்டுப்பால் (வெட்டில் உறைந்து ஒட்டிய பால்) என்று அவர் சொல்லும் சொற்களை அப்படியே விடுங்கள்.

7. சோதனை

பத்தாவது வாரம் அந்த நான்கு பேரையும் மறுபடி அழையுங்கள். மாணவர்கள் எதையும் விளக்காமல் ஓரமாக நின்று, கை முதலில் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். தயங்கும் இடம் பெரும்பாலும் பொருள்கள் நெருக்கமாக உள்ள இடம், 15 செ.மீ. இடைவெளி விட்டால் சரியாகும். கே.எல். சென்ட்ரலிலிருந்து மேசை வரை பார்வையற்ற ஒருவரோடு நடந்து பாருங்கள். வழியில் கண்ட தடைகளை எழுதி அருங்காட்சியக நிர்வாகத்திடம் கொடுங்கள்.

திறந்த பிறகு வாரம் ஒருமுறை கத்தியின் கைப்பிடியையும் மங்கைத் தாங்கும் கம்பியையும் ஆட்டிப் பாருங்கள், முதலில் தளர்வது இவைதான். அச்சுகளையும் கணினிக் கோப்புகளையும் கல்லூரியில் பெயரெழுதி வையுங்கள். உடைந்த மங்கை அடுத்த ஆண்டு மாணவர்களே அச்சிட்டு மாற்றிவிடலாம்.