ஆர்.வி. வண்டியில் டி.வி. தெரியவில்லையா?
அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும், வீடு போல வசதியுள்ள வண்டியில் ஊர் சுற்றுபவர்கள், டி.வி.யில் படம் வராவிட்டால் உடனே ஆன்டெனாவைத் திட்டுகிறார்கள். முதலில் சுவரிலுள்ள, ஆன்டெனாவின் சிக்னலைக் கூட்டும் பூஸ்டரின் சுவிட்சைப் பாருங்கள். கூரை ஆன்டெனாவில் பார்க்கும்போது சுவிட்சின் சிறு விளக்கு எரிய வேண்டும்; வண்டியை நிறுத்தும் முகாமின் கேபிளை இணைத்தால் அணைந்திருக்க வேண்டும். பாதிப் புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

வண்டியை நிறுத்தும் ஒவ்வோர் ஊரிலும் சேனல்களைப் புதிதாகத் தேட வேண்டும். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் இணையதளத்தில் உள்ள டி.டி.வி. (டிஜிட்டல் டி.வி.) வரைபடத்தில் அந்த ஊரின் ஜிப் கோடை (அஞ்சல் குறியீட்டை) கொடுத்தால் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் திசை தெரியும். ஆன்டெனாவை அந்தப் பக்கம் மெல்லத் திருப்புங்கள்.

சாட்டிலைட் டிஷ் என்றால் தெற்கு வானம் மரமின்றித் திறந்திருக்க வேண்டும். கோடையில் நிழலா, டி.வி.யா என்று வீட்டில் விவாதம் வரும்!

ஆன்டெனாவைத் தூக்கி வைத்ததும், அதை ஏற்றி இறக்கும் கைப்பிடியிலேயே வண்டிச் சாவியை மாட்டிவிடுங்கள். இறக்காமல் கிளம்ப முடியாது.