கோடாக் மேலாளராக உட்கார்ந்து முடிவெடுத்துப் பாருங்கள்

தொழில்நுட்ப மேலாண்மையைப் படித்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், ஆனால் முடிவெடுக்கும் பழக்கம் வராது. அதற்கு ஒரு பழைய சிக்கலை எடுத்து, பின்னால் நடந்தது தெரியாதவர் போல உட்கார வேண்டும்.

கேமரா ஃபிலிம் விற்றுப் பெரிதான அமெரிக்கக் கம்பெனி கோடாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-இல் அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் சாசன் ஒரு டிஜிட்டல் கேமரா செய்தார்: எடை சுமார் 3.6 கிலோ, படம் 0.01 மெகாபிக்சல், அதுவும் கறுப்பு வெள்ளை, ஒரு படம் கேசட்டில் பதிய 23 விநாடி. கம்பெனிக்கு லாபமோ ஃபிலிமில். நீங்கள்தான் மேலாளர், பணம் போடுவீர்களா, எவ்வளவு, எதைக் குறைத்து?

பதிலை எழுதுங்கள். எந்தச் செய்தி வந்தால் மனதை மாற்றிக்கொள்வீர்கள் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள், அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் அபிப்பிராயம். அப்புறம் நண்பர் ஒருவரை ஃபிலிம் பிரிவுத் தலைவராக வைத்து வாதாடச் சொல்லுங்கள். அவர் பக்கமும் நியாயம் இருக்கும், 1975-இல் ஃபிலிமைக் கைவிடுவது பைத்தியக்காரத்தனம்தான்.

பிறகு 1990, 2000 என்று நகர்ந்து அதே கேள்வியைக் கேளுங்கள். நடந்ததைக் கடைசியில் படியுங்கள்: கோடாக் 2012 ஜனவரியில் திவால் மனு போட்டது, அதன் ஜப்பானியப் போட்டியாளர் ஃபியூஜிஃபில்ம் தன் ஃபிலிம் வேதியியலை எல்சிடி திரைப் படலம், அழகுசாதனம் என்று திருப்பியது. உங்கள் தாளில் இப்படியொரு வழி இருந்ததா? இல்லையென்றால் எதைக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று குறித்துக்கொண்டு, அடுத்து நோக்கியாவை எடுங்கள்.